இங்கிலீஷ் டீச்சர் பதில்கள்: ‘பண்ணு’ நோட்டு

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசைமேல் பரப்பிப் பார்த்தால் பாதிக்குமேல் வினைச்சொல்லும் ஸ்பெல்லிங்கும்தான். பெயர்ச்சொல்லுக்காக யாரும் கடிதம் போடுவதில்லை. கையை நீட்டினால் ‘டேபிள்’, ‘சேர்’ எல்லாம் தானாக வந்துவிடுகிறது. செய்கிற காரியத்தைச் சொல்லும்போதுதான் வாய் தடுமாறுகிறது. ஆகவே இந்த இதழ் முழுக்க அதுதான்.

அதற்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. ஸ்பெல்லிங்கை வகுப்பில் வாய்விட்டுச் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதுகிறேன். வெறும் ‘பி’ என்றால் எந்த பி, வெறும் ‘டி’ என்றால் எந்த டி என்று தெரியாது. போனில் முகவரி சொல்கிறவர்கள் மாதிரி ‘பஸ் பி’, ‘பென் பி’, ‘டாக் டி’, ‘டைகர் டி’ என்று அடைமொழி போட்டுவிடுகிறேன். படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் ஆங்கில எழுத்தைப் போட்டுக்கொண்டே வாருங்கள். பாதிப் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

டீச்சர், எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். வினைச்சொல் தெரிந்தால்தான் பேச வரும் என்றார்களே என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகம் வாங்கினேன். ஆயிரம் வினைச்சொல், ஏ-யில் தொடங்கி வரிசையாக. முதல் வார்த்தையே ‘அபாண்டன்’. அதோடு மூடி வைத்துவிட்டேன். எங்கே தொடங்குவது?
— சுய உதவிக் குழு வாசகி, அந்தியூர்

அபாண்டன் என்றால் ‘கைவிடு’. புத்தகம் சொன்னபடியே செய்துவிட்டீர்கள், அம்மணி! அந்த மட்டுக்கும் முதல் பாடம் நடந்திருக்கிறது.

அகராதி வரிசை என்பது தேடுகிறவர்களுக்கு வசதி, படிக்கிறவர்களுக்கு இல்லை. நீங்கள் தொடங்க வேண்டிய இடம் உங்கள் வாய். ஒரு நாள் பொழுதுக்கு உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். ‘டிரெஸ்ஸை அயர்ன் பண்ணு’, ‘போனை ரீசார்ஜ் பண்ணு’, ‘மாவை நல்லா மிக்ஸ் பண்ணு’, ‘டிக்கெட் புக் பண்ணு’, ‘கேன்சல் பண்ணு’, ‘வண்டியைப் பார்க் பண்ணு’, ‘கொஞ்சம் வெயிட் பண்ணு’, ‘அதை டெலிட் பண்ணு’, ‘எனக்கு ஃபார்வர்டு பண்ணு’, ‘அட்ஜஸ்ட் பண்ணிக்க’. இந்தப் ‘பண்ணு’வுக்கு முன்னால் நிற்பது அத்தனையும் இங்கிலீஷ் வினைச்சொல். அர்த்தம் தெரியும், உச்சரிப்பு தெரியும், எங்கே போடுவது என்றும் தெரியும். பாக்கி இருப்பது ஸ்பெல்லிங் மட்டும்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அட்டையில் ‘பண்ணு நோட்டு’ என்று எழுதுங்கள். இடது பக்கம் நீங்கள் சொன்ன வாக்கியம் அப்படியே தமிழில். வலது பக்கம் அந்த ஒரு சொல் மட்டும் இங்கிலீஷில். ஸ்பெல்லிங் தெரியாவிட்டால் இடம் விட்டு வையுங்கள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையைக் கேட்டு நிரப்பலாம்.

எழுதும்போதே சில சொற்கள் சண்டைக்கு வரும். ‘வெயிட் பண்ணு’ டபிள்யூ, ஏ, ஐ, டைகர் டி. ரேஷன் கடைத் தராசில் பார்க்கிற வெயிட் வேறு: டபிள்யூ, ஈ, ஐ, ஜி, எச், டைகர் டி. அதிலிருந்து கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் ‘வெய்’, அதாவது எடை போடு என்ற வினைச்சொல். ‘அயர்ன்’ காதுக்குக் கேட்கிற வரிசையில் வராது: ஐ, ஆர், ஓ, என். ஆர் முன்னால், ஓ பின்னால்.

இன்னொரு எச்சரிக்கை. ‘பண்ணு’ பெரிய மனசுக்காரர், யாரைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினாலும் சேர்த்துக்கொள்வார். ‘டெலிவரி பண்ணு’ என்கிறோம். டெலிவரி பெயர்ச்சொல், வினைச்சொல் ‘டெலிவர்’, கடைசி ஒய் கிடையாது. ‘கம்ப்ளெயின்ட் பண்ணு’ என்கிறோம். கடைசி டைகர் டி-யைக் கழற்றினால்தான் வினை. ‘டிஸ்கஷன் பண்ணு’ — டிஸ்கஸ். ‘செலக்‌ஷன் பண்ணு’ — செலக்ட். ‘ஆன் பண்ணு’, ‘ஆஃப் பண்ணு’ இரண்டிலும் வினைச்சொல்லே இல்லை. ‘ஸ்விட்ச் ஆன்’, ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று முழுசாகச் சொல்ல வேண்டும். ‘அட்வைஸ் பண்ணு’ இருக்கிறதே, அது கொஞ்சம் விஷமம். அறிவுரை என்ற பெயர்ச்சொல்லுக்குக் கடைசியில் சி, ஈ. அறிவுரை சொல் என்ற வினைக்கு எஸ், ஈ, உச்சரிப்பிலும் இசட் சத்தம். ‘ஃபீல் பண்ணாதே’ என்பதை அப்படியே இங்கிலீஷில் சொன்னால் ‘எதை?’ என்று கேட்பார்கள். நாம் சொல்ல நினைப்பது ‘டோன்ட் வொரி’. அதற்கு டபிள்யூ, ஓ, இரண்டு ஆர், ஒய்.

நோட்டில் ஒரு பக்கம் நிறைந்ததும் வாக்கியம் போட்டுப் பாருங்கள். இங்கிலீஷில் ஏவலுக்கு எந்த ஒட்டும் வேண்டாம். ‘வாஷ் தி பிளேட்’, ‘மிக்ஸ் தி பேட்டர்’, ‘ஓபன் தி டோர்’. வினைச்சொல்லை முன்னால் நிறுத்தினால் வாக்கியம் முடிந்தது. நம் இலக்கணத்திலும் வினைப்பகுதி என்றால் நட, வா, விடு என்று ஏவலாகத்தானே நிற்கிறது? அதனால் இது உங்களுக்கு அந்நியமாக இருக்காது. சொல்லிக்கொண்டே தட்டைக் கழுவுங்கள். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

அம்மா, பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். சாயப்பட்டறைக்கு அனுப்ப வேண்டிய மெயிலில் ‘டையிங்’ என்று நான் எழுதினதைப் பார்த்து ஆபீசில் எல்லாரும் ‘யாருப்பா சாகறது?’ என்று சிரித்தார்கள். ஊரில் போர்டுகளிலும் அப்படித்தானே இருக்கிறது? அப்புறம் ‘நிட்டிங்’ என்பதற்கு முன்னால் எதற்குக் கே?
— வாசகர், திருப்பூர்

தம்பி, அந்த போர்டுகளை நானும் பார்த்திருக்கிறேன். நொய்யல் மாசுபட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லி 2011-இல் சாயப்பட்டறைகள் மூடிக்கிடந்ததே, அப்போது வேண்டுமானால் அந்த ஸ்பெல்லிங் பொருந்தியிருக்கும்.

சாயம் ஏற்று என்ற ‘டை’: டாக் டி, ஒய், ஈ. செத்துப்போ என்ற ‘டை’: டாக் டி, ஐ, ஈ. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘இங்’ சேரும்போது பாதை பிரியும். ஐ, ஈ என்று முடிகிற சின்னச் சொற்களில் அந்த இரண்டும் விலகி ஒய் வந்து உட்காரும். சாவு டையிங் டாக் டி, ஒய், ஐ, என், ஜி. கட்டு என்ற ‘டை’, படு என்ற ‘லை’ இரண்டுக்கும் இதே கதை. சாய டையிங்கில் ஈ நகராது: டாக் டி, ஒய், ஈ, ஐ, என், ஜி. அந்த ஒற்றை ஈ-யில்தான் உயிர் இருக்கிறது.

பொதுவாக ஈ-யில் முடிகிற சொல்லில் ‘இங்’ வந்தால் ஈ கிளம்பிவிடும். மெஷர், மெஷரிங், ஃப்யூஸ், ஃப்யூசிங். குழப்பம் வரும் என்கிற இடத்தில் மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அந்த அபூர்வமான விதிவிலக்குகளில் இரண்டு உங்கள் தொழிலிலேயே கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். டையிங் ஒன்று. துணியின் மேல் நிற்கும் பிசிறைத் தீயில் காட்டிப் பொசுக்குகிற ‘சிஞ்சிங்’ இன்னொன்று. அதிலும் ஜி-க்குப் பின்னால் ஈ நிற்க வேண்டும். எடுத்துவிட்டால் அது ‘சிங்கிங்’, துணி பாட ஆரம்பித்துவிடும்.

உங்கள் கம்பெனியை ஒரு சுற்று சுற்றினாலே ஸ்பெல்லிங் வகுப்பு முடிந்துவிடும். நிட்டிங், கட்டிங், டிரிம்மிங்: கடைசி எழுத்து இரட்டிக்கிறது. செக்கிங், பேக்கிங், பிரிண்டிங், ஃபோல்டிங்: இரட்டிக்கவில்லை. அயர்னிங்: இரட்டிக்கவில்லை. ஏன்?

பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி படித்திருப்பீர்கள். ‘தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’. கல் என்பதோடு எறிந்தான் சேர்ந்தால் கல்லெறிந்தான். கண், இமை சேர்ந்தால் கண்ணிமை. ஒரே ஒரு குறில், அதன்பின் ஒரு மெய், வருவது உயிர் என்றால் அந்த மெய் இரட்டிக்கும். ‘கட்’டோடு ‘இங்’ சேர்வதும் அதேதான். டைகர் டி இரண்டாகிவிடும். நிட், டிரிம், ஸ்டாப், சிட், ரன், எல்லாம் கல்லெறிந்தான் கட்சி.

நெடில் இருந்தால் இரட்டாது. கால், இல்லை சேர்ந்து காலில்லைதான், கால்லில்லை இல்லை. அப்படித்தான் ரீட், ரீடிங், ஹீட், ஹீட்டிங். உச்சரிப்பில் அழுத்திச் சொன்னாலும் எழுத்தில் ஒரு டைகர் டி-தான். சொல்லில் ஒரு குறிலுக்கு மேல் இருந்தாலும் இரட்டாது. கடல், அலை சேர்ந்தால் கடலலை. அதுபோல ஓபன், ஓபனிங், அயர்ன், அயர்னிங், விசிட், விசிட்டிங். செக், பேக், பிரிண்ட் எல்லாம் ஏற்கனவே இரண்டு மெய்யெழுத்தில் முடிகிறவை, அங்கே இரட்டிக்க எதுவும் இல்லை. எந்த மகராசனும் திட்டம் போட்டு இரண்டு மொழிக்கும் ஒரே விதி எழுதவில்லை. ஆனால் இந்த விதியை நம் பிள்ளைகளுக்கு யாரும் இப்படிச் சொல்லித் தருவதில்லையே என்று எனக்கு எப்போதும் ஆதங்கம்.

இரண்டு ஓட்டை இதில் உண்டு. ‘பிகின்’ மாதிரி கடைசி அசையில் அழுத்தம் விழுகிற சொல் நீளமாக இருந்தாலும் இரட்டிக்கும். பிகினிங்கில் நடுவே இரண்டு என். அப்புறம் டபிள்யூ, எக்ஸ், ஒய் மூன்றும் எந்தக் காலத்திலும் இரட்டிக்காது. தையலுக்கு எஸ், ஈ, டபிள்யூ என்று எழுதி ‘ஸோ’ என்கிறோமே, அதன் ‘இங்’ வடிவத்தில் ஒரே டபிள்யூ. ஃபிக்ஸிங்கில் ஒரே எக்ஸ்.

இப்போது அந்தக் கே. ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் அதை வாய்விட்டே சொன்னார்கள்: ‘க்நிட்’. தெரிந்துகொள் என்ற ‘நோ’, கதவைத் தட்டு என்ற ‘நாக்’, முட்டி போடு என்ற ‘நீல்’, மாவு பிசை என்ற ‘நீட்’, எல்லாவற்றிலும் ககரம் ஒலித்தது. ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் முட்டியைக் ‘க்னீ’ என்றுதான் சொல்கிறார்கள். 1476-இல் வில்லியம் காக்ஸ்டன் லண்டனையொட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சு இயந்திரத்தை நிறுவினார். அன்றைய உச்சரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஈயத்தில் உறைந்தது. பிறகு நாக்கு மாறிக்கொண்டே போனது, எழுத்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. ‘ரைட்’டுக்கு முன்னால் இருக்கும் டபிள்யூ, ‘வாக்’, ‘டாக்’ இரண்டிலும் நடுவில் இருக்கும் எல், ‘க்ளைம்’முக்குக் கடைசியில் நிற்கும் பஸ் பி, எல்லாம் அப்படித் தங்கிப்போனவை. ‘டவுட்’டில் உள்ள பஸ் பி மட்டும் வேறு ரகம். அதை யாரும் உச்சரித்ததே இல்லை. லத்தீன் மூலத்தில் இருக்கிறது என்பதற்காகப் படித்தவர்கள் நடுவில் செருகினது. சந்தேகம் என்ற சொல்லுக்கே சந்தேகமான ஸ்பெல்லிங்!

எழுதும்போது மனசுக்குள் பழைய உச்சரிப்பைச் சொல்லிக்கொள்ளுங்கள். ‘க்நிட்’, ‘க்நோ’, ‘வ்ரைட்’, ‘லிஸ்-டென்’. புதன்கிழமைக்கு ‘வெட்-னெஸ்-டே’ என்று சொல்லித்தானே நாம் எல்லாரும் ஸ்பெல்லிங் பழகினோம்?

மூன்றாம் வகுப்புப் பையன். ஒவ்வொரு வார்த்தையையும் பத்துத் தடவை எழுதச் சொல்கிறேன். எழுதுகிறான். மறுநாள் கேட்டால் ‘கேட்ச்’சுக்கு டி உண்டா இல்லையா என்று விழிக்கிறான். பயந்துபோய் இப்போது ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் தமிழில் உச்சரிப்பு எழுதிக் கொடுக்கிறேன். சரிதானே?
— வாசகர், மணப்பாறை

தமிழில் எழுதிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நான் இங்கே எழுதுவது பெரியவர்களுக்கான பேச்சு. பிள்ளையின் நோட்டு அப்படி இல்லை. கீழே தமிழ் இருந்தால் கண் மேலே போகவே போகாது. ‘பேக்’ என்று தமிழில் எழுதினால் அது மூட்டை கட்டு என்பதா, ரொட்டி சுடு என்பதா? நம் எழுத்தில் இரண்டு பி-யும் ஒன்றுதான்.

பத்துத் தடவை எழுதுவதில் என்ன நடக்கிறது தெரியுமா? முதல் தடவை பார்த்து எழுதுவான். இரண்டாவது தடவையிலிருந்து மேல்வரியைப் பார்த்து வரைவான். சில பிள்ளைகள் முதலில் சி-யைப் பத்து வரிக்கும் கீழே கீழே போட்டுவிட்டு, அப்புறம் ஏ-யைப் பத்து வரிக்கும் போடுவார்கள். நாலு கோடு நோட்டு அழகாக நிறையும், தலைக்குள் ஒன்றும் போகாது. அதற்குப் பதிலாக, பார்க்கட்டும், வாய்விட்டு எழுத்துக்கூட்டட்டும், நோட்டை மூடட்டும், பார்க்காமல் எழுதட்டும், திறந்து சரி பார்க்கட்டும். இரண்டு தடவை போதும். நடுவில் விளையாடப் போய்விட்டு வந்து இன்னொரு தடவை.

தனித்தனியாகவும் கொடுக்காதீர்கள். ஒரே வாலுள்ள சொற்களைச் சேர்த்துக் கொடுங்கள். கேட்ச், வாட்ச், ஸ்டிட்ச், ஃபெட்ச், ஸ்க்ராட்ச்: ஒற்றை உயிரெழுத்துக்குப் பின்னால் ‘ச்’ சத்தம் வந்தால் டைகர் டி, சி, எச். டீச், ரீச், மார்ச், சர்ச்: இரண்டு உயிரெழுத்தோ, நடுவில் ஓர் ஆரோ வந்துவிட்டால் டைகர் டி வேண்டாம், வெறும் சி, எச். ‘டச்’சில் ஓ, யூ என இரண்டு இருப்பதால் அதுவும் இரண்டாவது கட்சிதான். ‘அட்டாச்’ கட்சி மாறினது, அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இதேபோல லாக், பிக், பேக், கிக் எல்லாம் சி, கே. குக், லுக் இரண்டும் ஓ இரண்டு போட்டதால் வெறும் கே. ஒரு வாரத்துக்கு ஒரு வால். பையன் ஓடுகிற வயதில் இருக்கிறான். ‘கேட்ச்’ என்று கத்திக்கொண்டே பந்தைப் போடுங்கள், பிடிக்கும்போது அவன் ஸ்பெல்லிங் சொல்லட்டும். தவறவிட்டால் ‘ஃபெட்ச்’ சொல்லி எடுத்து வரட்டும்.

டீச்சர், ‘கோ’ என்றால் இறந்த காலம் ‘கோட்’ என்றுதானே வர வேண்டும்? ‘வென்ட்’ எங்கிருந்து குதித்தது? செக்யூரிட்டி வேலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அட்டவணையை மனப்பாடம் செய்கிறேன். காலையில் எல்லாம் போய்விடுகிறது.
— வாசகர், கோயம்புத்தூர்

குதித்தது உண்மைதான். ‘வென்ட்’ என்பது ‘வெண்ட்’ என்ற வேறொரு பழைய வினைச்சொல்லின் இறந்த காலம். இப்போது யாரும் அதிகம் பேசாத அந்தச் சொல் தன் இறந்த காலத்தை ‘கோ’வுக்குத் தத்து கொடுத்துவிட்டது.

நாம் மட்டும் என்ன ஒழுங்கு? சொல், சொன்னான். செல், சென்றான். வெல், வென்றான். கல், கற்றான். நில், நின்றான். கேள், கேட்டான். சா, செத்தான். தமிழ் படிக்கவரும் வெளிநாட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் நம் மூன்று வயதுக் குழந்தை அட்டவணை பார்த்தா பேசுகிறது? எந்த மொழியிலும் அன்றாடம் வாயில் புழங்குகிற சொற்கள்தான் இப்படிக் கோணல்மாணலாக இருக்கும். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் யாரும் அதை நேராக்க முயல்வதில்லை. புதிதாக வந்த சொற்களோ சாதுவானவை. மேலே அந்தியூர் வாசகிக்குச் சொன்ன ‘பண்ணு’ நோட்டுச் சொற்களில் பெரும்பாலானவை ஈ, டாக் டி போட்டால் முடிந்தது: புக்டு, பார்க்டு, ரீசார்ஜ்டு, டெலிட்டட். கட், சென்ட், வின், டிரைவ் போலச் சிலதான் விதிவிலக்கு.

அட்டவணையை ஏ-யிலிருந்து படிக்காதீர்கள், குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மாறாதவை ஒரு குடும்பம்: கட், புட், ஹிட், ஷட், செட், லெட், ஹர்ட். எந்தக் காலத்துக்கும் அதே முகம். ‘கீப்’ குடும்பத்தில் இரண்டு ஈ-யில் ஒன்று போய்க் கடைசியில் டைகர் டி சேரும்: கெப்ட், ஸ்லெப்ட், ஸ்வெப்ட், வெப்ட். ராத்திரி வேலைக்காரருக்கு ‘ஸ்லெப்ட்’ வேண்டாம் என்று மேலாளர் சொல்வார், பரவாயில்லை, ஸ்பெல்லிங் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ‘நோ’ குடும்பத்தில் ஓ போய் ஈ வரும், டபிள்யூ அப்படியே: நியூ, த்ரூ, ப்ளூ, க்ரூ. அதாவது தெரிந்தது, எறிந்தது, ஊதியது, வளர்ந்தது. ‘ஷோ’ பார்க்க இந்தக் குடும்பம் மாதிரி இருக்கும், ஆனால் ‘ஷோடு’ என்றுதான் போகும்.

எல்லாரும் தடுக்கி விழுகிற குடும்பம் ‘ஆட்’ சத்தத்தில் முடிவது: பிராட், பாட், தாட், ஃபாட், டாட், காட். சிலவற்றில் ஓ, யூ, ஜி, எச், டைகர் டி. சிலவற்றில் ஏ, யூ, ஜி, எச், டைகர் டி. எதில் ஏ, எதில் ஓ? மூலச் சொல்லைப் பாருங்கள். டீச், கேட்ச் இரண்டிலும் ஏ இருக்கிறது, ஆகவே இறந்த காலத்திலும் ஏ. பிரிங், பை, திங்க், ஃபைட், சீக் எதிலும் ஏ இல்லை, ஆகவே ஓ. இதைக் கரும்பலகையில் போட்டதும் பிள்ளைகள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை நான் தள்ளிப்போடாமல் நடத்துவேன்.

‘ரீட்’ ஒரு தந்திரக்காரர். இறந்த காலத்தில் ‘ரெட்’ என்று படிக்க வேண்டும், எழுத்து ஒன்றும் மாறாது. அதைப் பார்த்து ‘லீட்’டையும் அப்படியே விட்டுவிடாதீர்கள், அதன் ‘லெட்’டில் ஏ போய்விடும்: எல், ஈ, டாக் டி.

ராத்திரிப் பணியில் மனப்பாடம் செய்வதைவிட, வந்து போகிறவர்களைப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள். ‘எ வேன் கேம். டூ மென் வென்ட் இன். ஐ ஷட் தி கேட்.’ ரெஜிஸ்டரில் இல்லை, உங்கள் சொந்த நோட்டில்.

ஹைவே ஓரத்தில் ஹோட்டல். போர்டு எழுதுகிறவர் ‘ஃப்ரைடு ரைஸ்’ என்பதற்கு எஃப், ஆர், ஐ, டி, ஈ என்று எழுதிவிட்டார். படித்த வாடிக்கையாளர் ஒருவர் படம் எடுத்துப் போட்டுவிட்டார். சரியானது எது? ‘பாயில்டு எக்’ எப்படி?
— வாசகர், உளுந்தூர்பேட்டை

கடைசி இரண்டு எழுத்தை இடம் மாற்றுங்கள்: எஃப், ஆர், ஐ, ஈ, டாக் டி. ஈ-க்குப் பதிலாக ஏ, ஒய் போட்டு வெள்ளிக்கிழமை ரைஸ் விற்கிற கடைகளும் இருக்கின்றன, நீங்கள் தேவலை.

‘ஃப்ரை’ ஒய்-யில் முடிகிறது. ஒய்-க்கு முன் மெய்யெழுத்து இருந்தால், ஈ, டாக் டி வரும்போது ஒய் ஐ ஆகிவிடும். ட்ரை, க்ரை, கேரி, மேரி எல்லாம் இப்படித்தான். ‘இங்’ வந்தால் மட்டும் ஒய் அப்படியே இருக்கும். ஒய்-க்கு முன் உயிரெழுத்து இருந்தால் தொடவே வேண்டாம்: ப்ளே, ப்ளேடு, ஸ்டே, ஸ்டேடு. பே, சே, லே மூன்றும் அடங்காப்பிடாரிகள்: பெய்டு, செட், லெய்டு எல்லாவற்றிலும் ஏ, ஐ, டாக் டி.

பாயில்டு, ரோஸ்டட், மிக்ஸ்டு எல்லாவற்றுக்கும் நேராக ஈ, டாக் டி. கிரில்டில் எல் இரண்டு. நம் ஊர் ‘ஹாஃப் பாயில்’ தோசைக்கல்லில் ஊற்றுவது. அதில் ‘பாயில்’ எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், போர்டில் அப்படியே இருக்கட்டும், ஆள் வரும்.

சொல்லும்போது ஒன்று கவனியுங்கள். எழுத்து ஈ, டாக் டி என்றாலும் ‘வாஷெட்’, ‘குக்கெட்’ என்று இழுக்கக் கூடாது. வாஷ்ட், குக்ட், க்ளீன்ட். மூலச் சொல் ஏதாவது ஒரு டி-யில் முடிந்தால் மட்டும்தான் கூடுதல் அசை: வெயிட்டட், ஃபோல்டட், ரோஸ்டட்.

‘டிராவலிங்’ என்று இரண்டு எல் போட்டால் போன் சிவப்புக் கோடு போடுகிறது. நான் படித்தது தப்பா?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

இல்லை கண்ணு. உன் போன் அமெரிக்காக்காரன். நோவா வெப்ஸ்டர் 1828-இல் போட்ட அகராதிக்குப் பின்னால் அமெரிக்க ஸ்பெல்லிங் பல இடங்களில் தனிக்குடித்தனம் போய்விட்டது. திருப்பூர்த் தம்பிக்குச் சொன்ன கடலலை விதிப்படி பார்த்தால் ஒரு எல் போடுகிற அமெரிக்கா பக்கம்தான் நியாயம். பிரிட்டிஷ் வழக்கில் இரண்டு எல். நம் பாடப்புத்தகமும் அதுதான். ‘பிராக்டிஸ்’ இன்னொன்று. பிரிட்டிஷில் பெயருக்கு சி, வினைக்கு எஸ். அமெரிக்காவில் இரண்டுக்கும் சி. போன் செட்டிங்ஸில் மொழியை ‘இங்கிலீஷ் இந்தியா’ என்று மாற்றிவிடு. தேர்வில் ஏதாவது ஒரு வழக்கை வைத்துக்கொள், ஒரே பக்கத்தில் கலக்காதே.

பாங்கு வாசலில் ‘புஷ்’, ‘புல்’ மாறிப்போகிறது, பேத்தி சிரிக்கிறாள்.
— ஓய்வுபெற்ற வாசகர், கும்பகோணம்

ஐயா, இரண்டும் பென் பி, யூ என்றுதான் தொடங்கும். அதனால் முதல் எழுத்தைப் பார்க்காதீர்கள், கடைசியைப் பாருங்கள். எல் இரண்டு நின்றால் கதவின் கைப்பிடிக் கம்பிபோல இருக்கும், பிடித்து இழுங்கள். எஸ், எச் இருந்தால் தள்ளுங்கள். ரயில் பெட்டியில் சங்கிலிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதும் அந்த இரண்டு எல் போட்ட ‘புல்’தான், பேத்திக்குக் காட்டலாம். ஏடிஎம்மில் கார்டு போடச் சொல்வது ‘இன்செர்ட்’, எண்ணை அழுத்தச் சொல்வது ‘என்டர்’, கார்டை எடுக்கச் சொல்வது ‘ரிமூவ்’. ரிமூவ் வந்ததும் மறக்காமல் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்.